மூவேந்தர் நடுவே ஒரு சிறு நாடு
மலையமான் திருமுடிக்காரியின் வரலாறு

உலகப் படத்தை விரித்து வைத்துப் பார்த்தால், பெரிய நாடுகளின் ஓரங்களில் சிறிய நாடுகள் பல ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். படையாலும் பொருளாலும் மக்கள் தொகையாலும் பன்மடங்கு பெரிய அண்டை நாடு பகை கொண்டு நிற்கும்போது, ஒரு சிறு நாடு தன் உரிமையை எவ்வாறு காத்துக்கொள்கிறது? செய்தித்தாள் படிக்கும் மாணவியர் ஒவ்வொருவர் மனத்திலும் எழக்கூடிய வினா இது. இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் தென்பெண்ணையாற்றங்கரையில் வாழ்ந்த ஒருவன் இவ்வினாவுக்குத் தன் வாழ்நாள் முழுவதும் விடை தேடினான். சில வேளைகளில் சிறப்பான விடை கண்டான். சில வேளைகளில் தவறான விடை கண்டு துன்புற்றான். அவனே கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரி.

காரி என்றால் வள்ளல் என்று மட்டுமே நாம் பாடநூலில் படிக்கிறோம். அவன் ஒரு சிறு நாட்டின் காவலன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவன் வரலாறு முழுமை பெறும்.

நாடும் மலையும்

காரியின் நாடு மலையமானாடு எனப்பட்டது. அதுவே சுருங்கி மலாடு என்றும் வழங்கியது. தலைநகர் திருக்கோவலூர். இன்று நாம் திருக்கோயிலூர் என்று அழைக்கும் ஊர் அதுவே. கன்னட நாட்டு நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளைக் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை அவ்வூரைத் தழுவிச் செல்கிறது. பெண்ணையாற்றின் நுண்ணிய கருமணலையும், கொடுங்கால் என்னும் அதன் துறையையும், ஓயாது முழவு ஒலிக்கும் கோவலூரையும் அம்மூவனார் என்னும் புலவர் அகநானூற்றில் நினைவுகூர்கிறார்.

ஆற்றங்கரை வயல்கள் அவனுக்குச் சோறு தந்தன. முள்ளூர் என்னும் மலையும் அதைச் சூழ்ந்த கானமும் அவனுக்கு அரண் தந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீலச் சுவர்போல நீண்டு கிடப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. சாமையும் தேனும் கடுக்காயும் அம்மலை தரும் செல்வங்கள். இத்தகைய மலையும் காடும் பின்னே நிற்க, வளமான ஆற்றுச் சமவெளி முன்னே விரிய அமைந்த நாடு ஒரு சிறு மன்னனுக்கு எவ்வளவு துணையாக இருந்திருக்கும் என்பதை, இப்பகுதியில் வாழும் நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்நாடு அமைந்திருந்த இடமோ இடர் மிகுந்தது. தெற்கே உறையூரை ஆண்ட சோழர். மேற்கே கொங்கு நாட்டின்மேல் கண் வைத்திருந்த சேரர். அவர்களோடு ஓயாது போட்டியிட்ட மதுரைப் பாண்டியர். வடமேற்கே தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அதியமான் நெடுமான் அஞ்சி. கொல்லி மலையில் வல்வில் ஓரி. பெருவேந்தர் மூவரும் வேளிர் பலரும் ஒருவரையொருவர் விழுங்கக் காத்திருந்த காலம் அது.

எல்லாரும் தேடிய துணைவன்

பாரியின் கதை மாணவியர் அறிந்ததே. அவனுடைய பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன. பறம்பு மலை இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என வழங்குகிறது. மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவர் உழாமலே மலையில் விளைவதால், எத்தனை நாள் முற்றுகையிட்டாலும் பறம்பைப் பட்டினி போட முடியாது என்று கபிலர் வேந்தர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஆயினும் மூவேந்தரும் ஒன்றுகூடி நின்றார்கள். போரில் வெல்ல முடியாத பாரியை வஞ்சனையால் கொன்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மூன்று பெரும் பகைவர் ஒருங்கே சேர்ந்துவிட்டால் இயற்கை அரண் மட்டும் ஒரு சிறு நாட்டைக் காத்துவிடாது என்பதே பறம்பு சொல்லும் பாடம்.

காரி வேறு வழியை மேற்கொண்டான். மூவேந்தரும் தனக்கு எதிராக ஒன்று சேராதபடி பார்த்துக்கொண்டான். அவன் படை பெரும்படையன்று. ஆனால் விரைவும் வீரமும் மிக்கது. காரி என்ற அவன் பெயரே அவனுடைய கருங்குதிரைக்கும் பெயராயிற்று. அவன் எந்தப் பக்கம் சேர்கிறானோ அந்தப் பக்கம் வெற்றி சாயும் என்ற நிலை உருவாயிற்று. ஆகவே மூவேந்தருள் ஒவ்வொருவரும் தமக்குத் துணையாக வருமாறு தூதரையும் பொருளையும் அவனுக்கு அனுப்பினர். அழித்துவிட வேண்டிய பகைவனாக அவர்கள் அவனை எண்ணவில்லை. இழந்துவிடக் கூடாத துணைவனாக எண்ணினார்கள்.

வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் என்னும் புலவர் மலையனைப் பற்றி ஒரு புறநானூற்றுப் பாடல் பாடியிருக்கிறார். சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருத போரில் மலையன் சோழனுக்குத் துணை நின்றான். போர் முடிந்தபின் வென்றவனும் மலையனைப் புகழ்ந்தானாம். தோற்றவனும் மலையனைப் புகழ்ந்தானாம். இவன் துணையால் வென்றோம் என்றான் ஒருவன். இவன் மட்டும் அங்கு இல்லாதிருந்தால் நாம் தோற்றிருக்க மாட்டோம் என்றான் மற்றவன். ஒரு சிறு நாட்டின் தலைவனுக்கு இதைவிடப் பெரிய அரண் வேறு உண்டோ? நாளை தன் பக்கமும் வரக்கூடியவனை எந்த வேந்தன்தான் இன்று அழிக்கத் துணிவான்?

முள்ளூரை நெருங்குவதும் எளிதாக இல்லை. ஆரியர் படையொன்று அம்மலையைச் சூழ்ந்தபோது, மலையனுடைய ஒரு வேலுக்கு முன் நிற்கமாட்டாமல் வாளேந்திய வீரர் பலர் சிதறி ஓடினர் என்ற செய்தியை நற்றிணையில் காண்கிறோம். இச்செய்தி அக்காலத்தில் உவமையாகவே வழங்கியது. காதலைப் பாடும் புலவரும் தோற்றோடுவதற்கு உவமை வேண்டியபோது முள்ளூரை நினைத்தார். ஒருமுறை அடி வாங்கியவர் மட்டுமன்றி, அதைக் கேள்விப்பட்டவரும் தயங்குவார்கள் அல்லவா? படை காக்கும் அளவுக்குப் பெயரும் காக்கும்.

கொடையும் காவலே

காரியின் கொடையைப் பற்றிக் கபிலர் பாடிய பாடல்கள் சுவையானவை. குடித்து மகிழ்ந்திருக்கும் வேளையில் தேரைப் பரிசளிப்பது எவர்க்கும் எளிது. காரியோ குடியாத வேளையிலும் தேர் வழங்குகிறான் என்கிறார். அவன் வழங்கிய தேர்களின் எண்ணிக்கை முள்ளூர் உச்சியில் பெய்யும் மழைத்துளிகளைக் காட்டிலும் மிகுதி என்கிறார். தீய நிமித்தத்தில் வந்தவரும், வேளையறியாது பேசியவரும்கூட அவன் வாயிலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை.

கபிலர் அவனைப் புகழ்ந்ததோடு நில்லாமல் கண்டிக்கவும் செய்தார். நாற்றிசையிலிருந்தும் இரவலர் வருகின்றனர். அவர்களுக்குக் கொடுத்தல் எளிது, அவரவர் தகுதியை அறிதல்தான் அரிது. ஆகவே எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிடு என்று அவன் முகத்துக்கு நேரே அறிவுரை கூறினார். அரசனிடம் இவ்வாறு பேசப் புலவர்க்கு உரிமை இருந்தது. அதைக் கேட்கும் பொறுமை காரிக்கும் இருந்தது.

மற்றொரு பாடலில் கபிலர் காரியின் உடைமைகளைக் கணக்கெடுக்கிறார். அவன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ளார். ஆனால் அந்நாடு அந்தணர்க்கு உரியதாகிவிட்டது. துணை வேண்டி மூவேந்தர் அனுப்பிய பொருளோ பாடி வருவோர்க்கு உரியதாகிவிட்டது. அவனுக்கென்று எஞ்சியிருப்பது கற்புடைய மனைவியின் துணை ஒன்றுதான். அத்தனை குறைவாக வைத்துக்கொண்டு இத்தனை பெருமிதத்தோடு எப்படி இருக்கிறாய் என்று புலவர் வியக்கிறார்.

இது வெறும் புகழ்ச்சி என்று தள்ளிவிடக் கூடாது. வேந்தர் தந்த பொன்னைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் காரி அப்பொன்னுக்கு அடிமையாகியிருப்பான். பிறர்க்குக் கொடுத்துவிட்டதால் அது நாடெங்கும் பரவியது. அவனுடைய ஆட்சி நிலைப்பதால் நன்மை பெறுவோர் பலராயினர். புலவரும் பாணரும் கூத்தரும் அவன் பெயரை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அச்சகமும் வானொலியும் இல்லாத அக்காலத்தில் அவர்களே செய்தி பரப்புவோர். காரியை அழித்தவன் என்ற பழிச்சொல் தமிழகமெங்கும் பாடப்படும் என்பதை வேந்தரும் அறிவர்.

மாறோக்கத்து நப்பசலையார் என்னும் பெண்பாற் புலவரும் காரியைப் பாடினார். கபிலர் முன்பே எல்லாம் பாடிவிட்டதால் பிறர் பாடுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று என்று அவர் நயமாகக் குறிப்பிடுகிறார். அரசவையில் பெண் ஒருவர் எழுந்து நின்று பாடிய காலம் அது என்பதை நம் மாணவியர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடைக்கலம் தந்த குடி

பாரி இறந்தபின் அவன் பெண்மக்களை அழைத்துக்கொண்டு கபிலர் வாயில் வாயிலாக நடந்தார். விச்சிக்கோவிடம் கேட்டார். இருங்கோவேளிடம் கேட்டார். இருவரும் மணம் செய்துகொள்ள மறுத்தனர். மூவேந்தரின் சினத்துக்கு அஞ்சியே மறுத்தனர் என்பர் அறிஞர். பாரி அடைக்கலமாக விட்டுச் சென்ற பெண்ணை மலையர் குடியில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்து உயிர் துறந்தார் என்று திருக்கோயிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அவர் உயிர் நீத்த இடமாகச் சொல்லப்படும் கபிலர் குன்று இன்றும் தென்பெண்ணையாற்றில் நிற்கிறது. சிறு கோயிலைத் தன் தலையில் தாங்கிய அப்பாறையை நம்மில் பலர் கண்டிருப்போம்.

பெரியவர்கள் பகைத்த குடும்பத்துப் பெண்ணுக்குப் புகலிடம் அளிப்பது ஒரு சிறு நாட்டுக்கு எளிய செயலன்று. தன்னைக் காத்துக்கொள்வதோடு பிறரையும் காக்கத் துணிந்த குடி என்ற புகழ் மலையர்க்கு இதனால் நிலைத்தது.

தவறிய கணக்கு

இனி, காரியின் வாழ்வில் இருண்ட பகுதிக்கு வருவோம். அவனை மாசற்றவனாகக் காட்ட வேண்டியதில்லை. புலவர்களே அவ்வாறு காட்டவில்லை. இரவில் குதிரையேறிச் சென்று பகைவரின் ஆநிரைகளைக் கவர்ந்து வந்தவன் அவன் என்று கபிலரே பாடியிருக்கிறார். அது அக்காலப் போர் முறை. ஆனால் கொல்லி மலையில் நிகழ்ந்தது அதனினும் பெரியது.

கொல்லி மலைத் தலைவன் வல்வில் ஓரியும் காரியைப் போன்றே ஒரு சிறு நாட்டின் மன்னன். அவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துச் செல்லும்படி எய்த வில்லாளி என்று அவனை வன்பரணர் பாடியுள்ளார். கொல்லி மலையின்மேல் சேரனுக்கு நெடுநாள் ஆசை. அவ்வாசையைக் காரி நிறைவேற்றி வைத்தான். காரிக் குதிரை ஏறிய காரியும் ஓரிக் குதிரை ஏறிய ஓரியும் பொருதனர். ஓரி வீழ்ந்தான். காரி கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரியின் தெருவில் காரி புகுந்தபோது அங்கே எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் குறிப்பிடுகிறார். தம் தலைவனை இழந்த மக்களின் குரல் அது.

இச்செயலால் காரி பெற்றது என்ன? சேரனின் நட்பு. இழந்தது என்ன? தனக்கும் சேரனுக்கும் இடையே நின்ற ஒரு மலையரசு. அதுவரை கொல்லியில் இருந்தவன் தன்னையொத்த சிறு மன்னன். இனி அங்கே இருப்பவன் பெருவேந்தன். பிறரைக் காட்டிலும் சற்று முந்திக்கொள்ள நினைத்த காரி, பெரியவனைத் தன் வாயில் அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

தகடூர் அதியமான் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. அவன் படையெடுத்து வந்து கோவலூரை அழித்தான். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். பாட்டில் மட்டும் இருந்த இச்செய்திக்குக் கல்லிலும் ஒரு துணை கிடைத்தது. திருக்கோயிலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றுக் குகையில் 1981-ஆம் ஆண்டு பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் என்பது அதன் பொருள். அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கு நம் பெண்ணையாற்றுப் பகுதியின் பாறை விடை சொன்னது. தகடூர் மன்னனின் பெயர் காரியின் நாட்டுக் குன்றில் பொறிக்கப்பட்டிருப்பது, கோவலூர் அவன் கையில் வீழ்ந்த செய்தியோடு பொருந்தி நிற்கிறது.

அதியமானும் கொடியவன் அல்லன். நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குத் தந்த வள்ளல் அவன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் தன்மேல் பகை கொண்டபோது, அதியமான் படையை அனுப்பாமல் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் அதைப் புகழ்வதுபோல் பேசினார். இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, புத்தம் புதியனவாக இருக்கின்றன. அங்கே என் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அழகிய ஆயுதம் வேறு, பழகிய ஆயுதம் வேறு என்பதைத் தொண்டைமான் உணர்ந்துகொள்ள இதைவிட வேறு சொல் வேண்டுமோ? ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் பகைவனைத் தயங்கச் செய்யும் கலையில் வல்ல அப்பெருமாட்டி பெண்குலத்துக்கே பெருமை அல்லவா?

ஆனால் இத்தகைய அதியமானும் இறுதியில் தப்பவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரின்மேல் படையெடுத்தான். அதியமானுக்குத் துணையாகச் சோழனும் பாண்டியனும் வந்தும் பயனில்லை. தகடூர் அழிந்தது. தகடூர் எறிந்தவன் என்பதே அச்சேரனுக்கு அடைமொழியாயிற்று. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் அவனைப் பாடியிருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். காரி, ஓரி, அதியமான் மூவரும் ஏழு வள்ளல்களின் வரிசையில் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றனர். மூவரும் மலைநாட்டுத் தலைவர்கள். மூவருக்கும் அச்சம் தந்தவர்கள் அதே மூவேந்தர்தாம். இவர்கள் ஒன்றுபட்டிருந்தால் முள்ளூரும் கொல்லியும் தகடூரும் ஒரே மலைக்கோட்டையாக நின்றிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. ஓரியைக் காரி கொன்றான். காரியின் ஊரை அதியமான் அழித்தான். அதியமானைச் சேரன் அழித்தான்.

யானையின் காலடியில்

பெரியவர்களின் நன்றி எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதற்கும் மலையமான் குடியின் வரலாறு ஒரு சான்று தருகிறது. சோழனுக்காக வேலேந்திய குடி அது. எனினும் சோழன் கிள்ளிவளவன் ஒரு சமயம் மலையமானின் சிறு மக்களைப் பிடித்து வந்து யானைக் காலில் இட முனைந்தான். அச்சிறுவர் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்றனராம். சூழ்ந்திருந்த புதிய கூட்டத்தைப் பார்த்துத்தான் மருண்டனராம்.

அவ்வேளையில் கோவூர்கிழார் என்னும் புலவர் குறுக்கே வந்து நின்றார். புறாவின் துயர் தீர்க்கத் தன் உடலையே தந்தவன் மரபில் வந்தவன் நீ. புலவரோடு பகுத்துண்டவர் மரபில் வந்தவர்கள் இக்குழந்தைகள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், இனி உன் விருப்பம் என்று முடித்தார். சோழன் மனம் இரங்கிக் குழந்தைகளை விடுவித்தான் என்பது தமிழ் மரபு. வேலும் குதிரையும் காக்க முடியாத இடத்தில், முன்னோர் செய்த கொடை வந்து குழந்தைகளைக் காத்தது.

காரிக்குப் பின் அக்குடியில் தோன்றிய மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன் காலத்தில், போரில் நிலைகுலைந்த சோழன் ஒருவன் முள்ளூர் மலையில் ஒளிந்திருந்தான். திருக்கண்ணன் அவனை மீண்டும் அரியணையில் அமர்த்தினான். மறைந்திருந்த ஞாயிற்றை மீட்டு வந்ததற்கு இச்செயலை ஒப்பிட்டு நப்பசலையார் பாடினார். பெருவேந்தனும் ஒருநாள் சிறு மலையில் தஞ்சம் புக நேர்ந்தது. சோழப் பேரரசன் முதலாம் ராஜராஜனை (ஆட்சிக்காலம் 985 முதல் 1014 வரை) ஈன்ற வானவன் மாதேவியும் மலையமான் குலத்தில் பிறந்தவரே. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அக்குடி அழியாமல் நின்றது.

மற்றொரு மலைநாடு

காரி முடியரசன். மக்கள் வாக்களித்து அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே இக்காலக் குடியாட்சி நாடுகளுக்கு அவன் வரலாறு முற்றும் பொருந்தாது. எனினும் காரி செய்யத் தவறியதைச் செய்த ஒரு மலைநாடு உலகில் உண்டு.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஊரி, சுவிட்ஸ், உண்டர்வால்டன் என்று மூன்று சிறு நாடுகள் இருந்தன. ஹாப்ஸ்பர்க் என்னும் வலிமை மிக்க அரச குலம் அவற்றை நெருக்கியது. 1291-ஆம் ஆண்டு அம்மூன்றும் ஒருவருக்கு ஒருவர் துணை நிற்பதாக உடன்படிக்கை செய்துகொண்டன. 1315-இல் மார்கார்ட்டன் என்னுமிடத்தில் மலைப்பாதையில் நுழைந்த ஹாப்ஸ்பர்க் படையை மலைமக்கள் தோற்கடித்தனர். அக்கூட்டணியே வளர்ந்து சுவிட்சர்லாந்து ஆயிற்று.

1940-ஆம் ஆண்டு ஹிட்லரின் படை பிரான்சையே வீழ்த்திச் சுவிட்சர்லாந்தைச் சூழ்ந்துகொண்டது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த தளபதி ஹென்றி குய்சான், ஜூலை 25 அன்று தம் படைத்தலைவர்களை ரூட்லி என்னும் பழைய சூளுரைப் புல்வெளியில் கூட்டினார். சமவெளியில் எதிர்த்து நிற்க இயலாவிட்டாலும் மலையை விட்டுக்கொடுப்பதில்லை என்றும், பகைவன் நுழைந்தால் ஜெர்மனியையும் இத்தாலியையும் இணைக்கும் மலைச் சுரங்க இருப்புப்பாதைகள் அவனுக்குப் பயன்படாது என்றும் அவர் வகுத்த திட்டம் பகைவனுக்கும் தெரிந்தே இருந்தது. வென்றாலும் இலாபமில்லை என்று பகைவன் கணக்குப் போடும்படி செய்வதே அத்திட்டத்தின் உயிர்நாடி. படையெடுப்பு நிகழவில்லை.

அந்நாடும் மாசற்றதன்று. பகைவனோடு வாணிகத்தைத் தொடர்ந்தது. 1942-இல் புகலிடம் தேடி வந்த யூதர் பலருக்கு எல்லையை அடைத்தது. பாரியின் பெண்ணுக்கு வாயில் திறந்த மலையர் குடி இவ்விடத்தில் உயர்ந்து நிற்கிறது. தன் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் வாக்குரிமையை அந்நாடு 1971-இல்தான் வழங்கியது. ஆயினும் நம் மூன்று மலைத் தலைவர்கள் செய்யாத ஒன்றை அம்மூன்று மலைநாட்டு மக்கள் செய்தனர். அவர்கள் தம்முள் பொருதுகொள்ளாமல் கைகோத்தனர்.

காரி நமக்குச் சொல்வது

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியிராவிட்டால் காரியின் வரலாறு ஓலைச்சுவடிகளோடு மறைந்திருக்கும். அப்பாடல்களை இன்று வரிசைப்படுத்திப் படிக்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன. சிறியவர் பெரியவர் நடுவே வாழ வேண்டுமாயின், தாக்குவது கடினம் என்று காட்டும் வலிமை வேண்டும். நட்பாக வைத்துக்கொள்வதே நன்மை என்று எண்ணச் செய்யும் பயன் வேண்டும். ஆட்சியைத் தமதாகக் கருதும் மக்கள் வேண்டும். நல்ல பெயர் வேண்டும். காரியிடம் இந்நான்கும் இருந்தன. தன்னையொத்த சிறியவரோடு ஒற்றுமை என்ற ஐந்தாவது ஒன்று இல்லாமற் போயிற்று. அதனால் கோவலூர் எரிந்தது.

நாட்டுக்குப் பொருந்துவது வீட்டுக்கும் வகுப்பறைக்கும் பொருந்தும். வலியவர் ஒருவரின் தயவைப் பெறுவதற்காக நம்மைப் போன்ற எளியவர் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் சோதனை எவர்க்கும் வரலாம். அன்று கிடைக்கும் தயவு நெடுநாள் நிற்பதில்லை. இழந்த தோழமையோ மீண்டும் கிடைப்பதில்லை. திருக்கோயிலூர்ப் பாலத்தைக் கடந்து செல்லும் மாணவியர் கபிலர் குன்றைக் காணும்போது, காரியின் கொடையை மட்டுமன்றி, ஓரியின் தெருவில் எழுந்த குரலையும் சேர்த்தே நினைவில் கொள்வார்களாக.